காவிரியின் பழைய கேஜ் ரிஜிஸ்டர்கள்: 8.6 என்றால் எவ்வளவு?

கரையோரம்:
திருச்சிப் பக்கம் காவிரியில் 1900 முதல் 1930 வரை எடுத்த தினசரி நீர்மட்டப் பதிவேடுகளைப் படமெடுக்க வாய்ப்பு இருக்கிறது. எல் நினோ ஆண்டுகளோடு (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகள்) ஒப்பிட வேண்டும். பல பக்கங்களில் 8.6 என்பதுபோல் எழுதியிருக்கிறது. எட்டடி ஆறங்குலமா, 8.6 அடியா? எங்கிருந்து தொடங்கலாம்?

நீரளவி:
அந்தப் புள்ளியைத் தீர்க்காமல் எதையும் மீட்டராக்காதீர்கள். 8.6-இல் வித்தியாசம் 3 செ.மீ.தான். ஆனால் 8.11 அங்குலக் கணக்கில் 2.72 மீட்டர், தசமக் கணக்கில் 2.47. கால் மீட்டர் போய்விடும்!

வெள்ளம் ஏறி இறங்கிய மாதத்தை எடுத்துப் பாருங்கள். புள்ளிக்குப் பின் 10, 11 வந்து, அதற்கு மேல் எதுவும் வராவிட்டால் அங்குலம். 8.25, 8.70 என்று வந்தால் தசமம். ஒரே ரிஜிஸ்டரிலேயே நடுவில் முறை மாறலாம் என்பதால் மாதாமாதம் சோதிக்க வேண்டும்.

எழுதியிருப்பதை அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) ஏற்றுங்கள், மாற்றிய மதிப்பு வேறு பத்தியில். இரண்டு பேர் தனித்தனியே தட்டி, முரண்படும் கட்டங்களை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் போதும். வெற்றுக் கட்டத்தில் சுழியம் போடவே கூடாது. அன்று அளவே எடுக்காமல் இருந்திருக்கலாம், தண்ணீர் அளவுகோலுக்குக் கீழே போயிருக்கலாம். குறிப்புப் பத்தியையும் சேர்த்தே படமெடுங்கள், அளவுகோலை மாற்றி நட்ட செய்தி இருந்தால் அங்கேதான் இருக்கும்.

மணற்படுகை:
அந்தச் செய்தி எழுதப்படாமலும் போகும். பெருவெள்ளத்துக்குப் பின் கோலைப் புதிதாக நட்டால் அதன் சுழி மட்டம், அதாவது பூஜ்யக் குறி நிற்கும் உயரம், மாறும். மேலே ஒரு நிலையம், கீழே ஒரு நிலையம் என இரண்டின் தினசரி வித்தியாசத்தை வரைந்து பாருங்கள். ஒரே நாளில் படிபோல் எகிறி அப்படியே நின்றால் சுழி மாறியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மெல்லச் சரிந்தால் ஆற்றுமணல் ஏறியோ இறங்கியோ இருக்கும். அணைக்கட்டுக்குச் சற்று மேலே எடுத்த அளவு என்றால் ஷட்டர் திறப்பும் அதில் கலந்திருக்கும். இவற்றைக் கழிக்காமல் வரைந்த வரைபடத்தைக் காலநிலை என்று காட்டுவது பெரிய தவறு.

பருவக்காற்று:
தேதியையும் கவனியுங்கள். பசலி ஆண்டு (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால் அது ஜூலை 1-இல் பிறக்கும். 1924 ஜூலைப் பெருவெள்ளம் பசலி 1334-இல் வரும், அந்த உச்சம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்தால் ஆண்டுக் குழப்பம் உடனே தெரியும்.

ஆண்டுச் சராசரி எடுக்காதீர்கள். எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும், தமிழகத்தில் வடகிழக்கு கூடும் போக்கு உண்டு. சேர்த்துக் கூட்டினால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ஜூன்–செப்டம்பர், அக்டோபர்–டிசம்பர் என்று பிரித்து வையுங்கள். மேலே மைசூர்ப் பக்கம் காவிரியைத் தேக்கும் கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்) அணை வேலை 1911-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது, ஆகவே பிற்பகுதி ஆண்டுகளின் கோடை அளவுகளைத் தனியே குறியிடுங்கள். தொடரை 1934-க்கு அப்பால் நீட்டினால் அது அந்த ஆண்டு முடிந்த மேட்டூர் அணை மதகின் கணக்கு, மழையின் கணக்கு அல்ல.