ஜவுளிக்கடை கவுண்டருக்குள் என்ன ஸ்டூல் போடலாம்?

கேள்வி (ஈரோடு ஜவுளி): சேல்ஸ் ஆட்கள் உட்கார ஏற்பாடு செய்யணும். சேலை கவுண்டர் 36 இன்ச் உயரம், பில்லிங் கவுண்டர் 42. உள்ளே நடக்க 30 இன்ச் வழிதான். பிளாஸ்டிக் சேர் போட்டால் வழி அடைக்குது, யாரும் உட்காருவதும் இல்லை. எதை வாங்கலாம்?

மரவேலை: அந்த சேரோட சீட் தரையிலிருந்து 17 இன்ச் இருக்கும். அதில் உட்கார்ந்தால் கவுண்டர் தோள்பட்டை அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு கஸ்டமருக்கும் முழங்காலை ஊன்றி எழணும். அப்புறம் யார் உட்காருவாங்க?

கவுண்டர் உயரத்தில் 10–12 இன்ச் கழித்தால் சீட் உயரம் வரும். 36க்கு 24–26, 42க்கு 30–32. சீட்டுக்கு 16–17 இன்ச் கீழே கால் வைக்கக் கம்பி கட்டாயம். இல்லாவிட்டால் சீட்டின் முன்விளிம்பு தொடையை அழுத்திக் கால் மரத்துப்போகும். சக்கரம் வேண்டாம். டைல்ஸ் தரையில் ஏறும்போதே ஸ்டூல் நழுவும். ரப்பர் புஷ் போட்ட நாலு கால் போதும்.

வழி குறுகல் என்பதால், கவுண்டர் அடியில் ஒரு ரேக் தட்டைக் கழற்றி 18 இன்ச் அகலம் விடுங்க, ஸ்டூல் உள்ளே போய்விடும். மடக்கு சீட் என்றால் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டுங்க. பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டால் சீக்கிரமே பிடுங்கிக்கொண்டு வரும்.

பிசியோ: ஸ்டூல் மட்டும் போதாது சார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். நின்ற இடத்திலேயே நின்றால் கீழே தேங்கும். சாயங்காலக் கணுக்கால் வீக்கம் அதனால்தான். கவுண்டர் அடியில் 4–6 இன்ச் உயரத்தில் ஒரு கம்பி வைத்தால் கால் மாற்றி மாற்றி ஊன்றலாம். ரப்பர் மேட் 15 மில்லி கனம், ஓரம் சரிவாக இருக்கணும். மெத்தை போல அமுங்கும் ஃபோம் வேண்டாம், குதிகால் புதைந்து இன்னும் அசதிதான்.

ஈரோடு ஜவுளி: மாடியில் சாப்பாட்டு ரூமில் பெஞ்ச் இருக்கு. சட்டத்துக்கு அது போதாதா?

தொழிலாளர் பக்கம்: போதாதுங்க. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவு, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத்தான் இருக்கை கேட்கிறது. கேரளா 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. மாடி பெஞ்சில் சாப்பிடும்போதுதானே உட்கார முடியும்?

ஃப்ளோர் சூப்பர்வைசரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்க. "கஸ்டமர் பார்ப்பாங்க, எழுந்திரு" என்று அவர் விரட்டினால் ஸ்டூல் வாங்கின காசு தண்டம்.