சம்பளம் போடாத வேலை விளம்பரங்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

"சம்பளம்: தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப" என்று மட்டும் போட்டிருந்த ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். முதலில் போன், அப்புறம் எழுத்துத் தேர்வு, அப்புறம் வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொன்ன ஒரு மாதிரி வேலை, அதன் பிறகு மேலாளருடன் இன்டர்வியூ. எப்போது சம்பளத்தைக் கேட்டாலும் "அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்" என்றார்கள். ஆனால் நான் இப்போது எவ்வளவு வாங்குகிறேன் என்பதை முதல் போனிலேயே கேட்டு, பே ஸ்லிப்பும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் வந்த ஆஃபர், என் பழைய சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்த தொகை. அதே இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் வாங்கியது அதைவிட நிறைய அதிகம் என்று பிறகு அவரே சொன்னார். நான் சேரவில்லை.

வேலை ஒன்றுதான், பொறுப்பும் ஒன்றுதான். என் பழைய முதலாளி எனக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது இதில் எங்கே வருகிறது? மந்தமான காலத்தில் கிடைத்த வேலையில் சேர்ந்தவர்களும், குழந்தைக்காகச் சில வருடம் விலகித் திரும்பியவர்களும் குறைந்த சம்பளத்தில் தொடங்கியிருப்பார்கள். பே ஸ்லிப்பைப் பார்த்துச் சம்பளம் போட்டால், அந்தக் குறை அடுத்தடுத்த வேலைக்கும் அவர்களோடேயே வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஆஃபருக்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று 2016-இல் சட்டம் போட்டது இதற்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நெறிமுறையும் அதைத் தடுக்கிறது. தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ (குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று) விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வைத்த கெடு 2026 ஜூன் 7.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பவள். "சம்பளத்தை இன்னும் முடிவு செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் பார்த்த இடங்களில், பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கிடைக்காமல் எந்த விளம்பரமும் வெளியே போனதில்லை. தொகையை மறைப்பதற்குப் பெரிய காரணம், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். புதிதாக வருபவருக்கு ஒதுக்கியதைவிடக் குறைவாகப் பழைய ஆட்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் இடத்தில் வரம்பைப் போட ஆரம்பித்ததும் நடந்தது அதுதான். பழைய ஊழியர்கள் வரிசையாக வந்து கேட்டார்கள், சிலருக்கு உயர்த்த வேண்டியதாயிற்று. நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது. இன்னொன்று, ஆஃபர் கொடுத்த பிறகு விலகிப் போவது நன்றாகக் குறைந்துவிட்டது.

சட்டம் இருந்தாலும் குறுக்கு வழி தேடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021-இல் வரம்பைப் போடுவது கட்டாயமானபோது, வீட்டிலிருந்து செய்யும் வேலைகளுக்குக் கூடச் சில நிறுவனங்கள் "கொலராடோவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று போட்டன. நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பரில் சட்டம் வந்தபோது, யாருக்கும் எதுவும் புரியாத அளவுக்கு அகலமான வரம்புகள் வந்தன. அதனால் வரம்பைப் பார்த்ததோடு நிற்காமல், "புதிதாகச் சேர்பவரை இதில் எந்த இடத்தில் வைப்பீர்கள்? இது அடிப்படைச் சம்பளமா, போனஸும் சேர்த்தா?" என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். நேர்மையான இடத்தில் பதில் வரும்.

* * *

எனக்கு நடந்தது வேலையில் சேர்ந்த பிறகு. ஒரே பதவி, ஒரே வேலை, ஆனால் பக்கத்து மேசைக்காரருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். அவராகவே ஒருநாள் சொல்லித்தான் தெரியும். சம்பளத்தைப் பற்றி யாரோடும் பேசக் கூடாது என்று எங்கள் நியமனக் கடிதத்திலேயே ஒரு வரி இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

லில்லி லெட்பெட்டர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு டயர் தொழிற்சாலையில் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். உடன் வேலை செய்த ஆண்கள் அவரைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்பது அவருக்குப் பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. வழக்குப் போட்டார். புகார் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாகுபாடான ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் அந்தக் காலக்கெடு புதிதாகத் தொடங்கும் என்ற சட்டம் 2009-இல் அவர் பெயரிலேயே வந்தது. ஆனால் அவருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. மறைத்து வைத்தவர்கள்தான் அந்தத் தாமதத்துக்குக் காரணம், நஷ்டம் மட்டும் அவருக்கு. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நான் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்து மேசைக்காரருடைய வேலையோடு ஒப்பிட்டு மேலாளரிடம் கொடுத்தேன். மேசைக்காரரின் பெயரைச் சொல்லலாமா என்று அவரிடமே முன்னால் கேட்டுக்கொண்டேன், தயங்காமல் சரி என்றார். வித்தியாசத்தில் ஒரு பகுதியை உயர்த்தினார்கள். மீதியையும், கடந்த மாதங்களுக்கான தொகையையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.