புதுப்பிப்பு: நான்கு வண்ணத்துப்பூச்சிப் படங்களின் விவரிப்பு

சிறுவர் அறிவியல் மின்னூலில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு படங்கள் இருந்தன. பார்வையற்ற வாசகர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் தனி விவரிப்பு எழுதலாமா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு கிடைத்துவிட்டது.

பார்வையற்ற நண்பர் ஒருவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை வைத்து முழுவதும் கேட்டார். "பச்சை எருக்கிலை மேல்" என்பது மூன்று முறை வந்ததும் அவர் தாவிப் போய்விட்டார். புழுவின் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளை அதனால் கேட்கவே இல்லை. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது, அந்தப் படத்தின் உயிரே அதுதானே!

இப்போது நான்கையும் படத்தையும் படக்குறிப்பையும் சேர்த்து வைக்கும் ஒரே ஃபிகர் (figure) குறிச்சொல்லுக்குள் வைத்துவிட்டேன். வரிசையும் எருக்கஞ்செடியும் பொதுவான படக்குறிப்பில் ஒரு முறை வருகின்றன. ஒவ்வொரு படத்தின் ஆல்ட் உரையிலும் (படத்துக்குப் பதிலாக மென்பொருள் வாசிக்கும் விவரிப்பு) "4இல் 2: புழு" என்று தொடங்கி, முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருந்ததால் நான் அளவைச் சொல்லவே இல்லை. முட்டையும் புழுவும் ஒரே பருமன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "குண்டூசித் தலை அளவு" என்று சேர்த்ததும் தெளிவாகிவிட்டது.

பக்க ஓரத்தில் அலங்காரத்துக்கு வரும் செடிக்கொடிப் படத்துக்கு வெற்று ஆல்ட் (alt="") கொடுத்தால் போதும். ஆல்டையே விட்டுவிடாதீர்கள், சில செயலிகள் கோப்பின் பெயரை வாசித்துவிடும்.