எண்ணூர் முகத்துவாரத்தில் ரப்பர் புழு: மூன்று மாதமாக வாலைத்தான் இழக்கிறேன்

ஒற்றியூர்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் குடியிருக்கிறேன், மணலிப் பக்கம் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் முடிந்த நாள்களில் தூண்டிலை எடுத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவது மூன்று மாதப் பழக்கம். சிறு வயதில் இறாலைக் கோத்துக் கீச்சானும் கெளுத்தியும் பிடித்திருக்கிறேன். இப்போது அமெரிக்கர்கள் பாஸ் மீனுக்குப் போடும் ரப்பர் புழுக்களையும், சிறிய இரையை மெல்லிய நரம்பில் கட்டி மெதுவாக இயக்கும் அவர்களுடைய ஃபினெஸ் முறையையும் யூட்யூபில் பார்த்துவிட்டு, அதே முறையில் ஒரு கொடுவாவாவது பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஆறரை அடி லைட் ராடு, 2500 அளவு ரீல், 6 பவுண்டு நைலான் நரம்பு, காளான் தலை போன்ற 3 கிராம் ஜிக் ஹெட் (ஈயத் தலையோடு வரும் முள்), 3 அங்குலப் புழு என்று அவர்கள் சொன்னபடியே வாங்கிவிட்டேன்.

இதுவரை ஒரு கொடுவாகூடக் கிடைக்கவில்லை. எறிந்த புழு தரையைத் தொடுவதற்குள் நீரோட்டம் அதைக் கரைப் பக்கமே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. கனமாகக் கட்டினால் சிப்பி ஒட்டிய கற்களில் மாட்டிக்கொள்கிறது; சென்ற வாரம் ஒரே மாலையில் ஐந்து ஜிக் ஹெட்டை அறுத்துக்கொண்டு வந்தேன். மீன் கடித்ததா, கல் தட்டியதா என்பதும் கைக்குப் புரிவதில்லை. சுருட்டி எடுத்துப் பார்த்தால் புழுவின் வால், கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டியது போலக் காணாமல் போயிருக்கிறது. அமெரிக்க ஏரி மீனுக்கான இந்த முறை நம் உப்புத் தண்ணீருக்கு ஒத்துவருமா, அல்லது பேசாமல் இறாலுக்கே திரும்பிவிடலாமா?

கழிமுகவாசி பதில்:

தம்பி, இறாலுக்குத் திரும்ப வேண்டாம். நீங்கள் வாங்கியவற்றில் ராடும் ரீலும் போதும், நரம்பு போதாது. அதற்கு முன்னால், அந்த முறை எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் புழு என்று நாம் சொன்னாலும் அது ரப்பர் அல்ல, மிருதுவாக்கப்பட்ட பிவிசி. 1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்பில் காய்ச்சி வார்த்த புழுதான் இந்த வரிசைக்கு மூத்தது. ஈயத்தை நுனியிலும் முள்ளை அதற்கு ஒரு சாண் மேலேயும் கட்டும் டிராப் ஷாட், ஜப்பானியத் தூண்டில்காரர்களிடம் வளர்ந்து, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. நீங்கள் வாங்கிய காளான் தலையும் குட்டைப் புழுவும் சேர்ந்த நெட் ரிக் என்பது கான்சாஸ் பக்கத்து ஏரிகளில் இருந்து வந்தது. இவையெல்லாம் தெளிந்த, ஓட்டமில்லாத தண்ணீரில், குளிரால் மந்தமடைந்த அல்லது தினமும் நூறு தூண்டிலைப் பார்த்துச் சலித்துப்போன மீனை மசிய வைப்பதற்கான வழிகள். நம் கழிமுகத்தில் குளிர் கிடையாது, ஓட்டம் உண்டு. ஆகவே அவர்கள் 3 கிராம் கட்டினார்கள் என்று நாமும் 3 கிராம் கட்டினால், அவர்களுடைய எண்ணை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம் என்று பொருள். தரையைத் தொடுவதற்குத் தேவையான மிகக் குறைந்த எடை எதுவோ அதுவே அந்த நேரத்துக்கு ஃபினெஸ் எடை. தண்ணீர் ஏறியோ வற்றியோ முடிந்து திரும்பும் வேளையில் அது 3 கிராமாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து 7 ஆகும், அதற்குப் பிறகு 10 ஆகும். மூன்று எடைகளில் ஜிக் ஹெட் வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருங்கள். சோம்பல்பட்டு மாற்றாமல் நின்றுதான் நானும் முதல் வருடத்தை வீணாக்கினேன்.

கொடுவாவும் பாஸும் உறவு அல்ல, குடும்பமே வேறு. ஆனால் இரண்டும் இரையைப் பற்களால் கவ்விப் பிடிப்பதில்லை. வாயைச் சடாரென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சுகின்றன. வேண்டாம் என்று தோன்றினால் அதே வேகத்தில் துப்பியும் விடும். சுருட்டிக்கொண்டே இருப்பவனுக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம், புழு விழும்போதும் சும்மா கிடக்கும்போதும்தான் பெரும்பாலும் இது நடக்கிறது என்பதே. அதனால் நீங்கள் கற்க வேண்டியது எண்ணிக்கை. புழு தண்ணீரில் விழுந்ததும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். அந்த இடத்தில் ஆறு எண்ணும்போது நரம்பு தளர்ந்து தரை தட்டுகிறது என்றால், அடுத்த வீச்சிலும் ஆறு வர வேண்டும். நான்கிலேயே தளர்ந்தால் அங்கே கல் முளைத்துவிடவில்லை, மீன் வாங்கியிருக்கிறது. எட்டாகியும் தளராமல் பக்கவாட்டில் நகர்ந்தாலும் அப்படித்தான். கையை நம்பாதீர்கள், நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்தையே பாருங்கள், அது ஒரு அங்குலம் துள்ளும்.

அப்போது மேலே சுண்டி இழுக்கக் கூடாது. கெளுத்திக்குச் சுண்டிய கை அது, எனக்கும் அதை மறக்க நாளாயிற்று. தளர்வைச் சுருட்டி, பாரம் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் நிதானமாக வாங்குங்கள். கொடுவாவின் வாய் எலும்பு கெட்டியானது. பாஸுக்கான மெல்லிய கம்பி முள் அதில் நிமிர்ந்துவிடும் என்பதால் ஜிக் ஹெட் வாங்கும்போது முள்ளின் பருமனைப் பாருங்கள். நைலானைக் கழற்றிவிட்டு 20 பவுண்டு பிரெய்டு நூல் (இழைகளைப் பின்னிச் செய்தது) ஏற்றுங்கள்; அது உங்கள் 6 பவுண்டு நைலானின் பருமனே இருக்கும், இழுபடாது என்பதால் தட்டுவதும் கைக்கு வரும். நுனியில் மூன்றடி நீளத்துக்கு 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் தனி நரம்பு, கட்டாயம். கொடுவாவுக்குக் கோரைப்பல் இல்லை, ஆனால் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு. மீன் தலையைக் குலுக்கும் ஒரு குலுக்கில் பிரெய்டு அறுந்துவிடும். அதே காரணத்துக்காகச் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கவும் கூடாது, கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.

காட்டுக்குப்பத்தான் பதில்:

மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, இரண்டைச் சேர்க்கிறேன். நான் வலைக்காரன் வீட்டுப் பிள்ளை. பொழுதுபோக்குத் தூண்டில் பக்கம் வந்தது பிற்பாடுதான்.

அரைவட்டமாக வெட்டுவது கொடுவா அல்ல, பேத்தை. அதன் நான்கு பற்களும் கிளியின் அலகு போல ஒட்டியிருக்கும். புழுவை மட்டுமல்ல, மெல்லிய முள்ளையும் நறுக்கிவிடும். ஒரு வால் போனதும் இடத்தை மாற்றுங்கள், அதே இடத்தில் நின்று பாக்கெட்டைக் காலி செய்யாதீர்கள். தப்பித்தவறி மாட்டினாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது நஞ்சு.

அடுத்து நாள் பார்ப்பது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் தண்ணீர் வேகமாக ஏறி வேகமாக வற்றும். உங்கள் சிறிய புழுவுக்கு அந்த ஓட்டத்தில் நிற்கத் திராணி இல்லை. காலண்டரில் அஷ்டமி பக்கத்து நாள்களைப் பாருங்கள், ஓட்டம் தணிந்திருக்கும். துறைமுகத்துக்குப் போட்டிருக்கும் ஏற்ற வற்ற நேரத்தை அப்படியே நம்பி வந்துவிட வேண்டாம். கழிமுகத்துக்குள் போகப் போக அது பிந்தும். முகத்துவாரத்தின் வாய் மணல் மேடிட்டுக் கிடக்கும் மாதங்களில் இன்னும் பிந்தும். கரையில் ஒரு குச்சியை நட்டுவைத்துப் பார்ப்பவனுக்கு அட்டவணை வேண்டியதில்லை. வற்றும் தண்ணீர் அலையாத்திச் செடிகளின் இடுக்கில் இருந்து சிறு வாய்க்காலாக வந்து பெரிய ஓட்டத்தில் கலக்கும் இடங்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீரோடு இறங்கிவரும். கொடுவா ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். புழுவை மேலே போட்டு, ஓட்டமே அதை இறக்கிக் கொண்டுவரும்படி விடுங்கள். நடு ஆற்றில் எறிந்து என்ன பயன்?

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மாலையில் ஐந்து ஜிக் ஹெட் அறுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்தோடும் எத்தனை முழம் நரம்பு போயிற்று? இந்தச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கைகளால் தடவித் தடவி இறால் பிடிக்கும் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பிரெய்டு நூல் அவர்கள் விரலை அறுக்கிறது, முள் ஏறுகிறது. மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று அறுக்காமல், ராடை நேராக நீட்டி, நூலை ஒரு துண்டுக் கட்டையில் சுற்றிக்கொண்டு மெல்ல இழுங்கள்; முடிச்சில் அறுந்தால் முள்ளோடு போகும், நூல் உங்களிடம் வந்துவிடும். பழவேற்காட்டுப் பக்கம் போனால் பாடு கட்டியிருக்கும் இடத்தில் எறியவே எறியாதீர்கள். பாடு என்பது மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்து வலை கட்டிப் பிழைக்கும் இடம்.

ஒற்றியூர்வாசி பதில்:

ஐயா, நரம்பைப் பற்றி நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. இனி அப்படி நடக்காது. மாட்டாமலே இருக்க வழி உண்டா?

விரால்பித்தன் பதில்:

உண்டு. முள் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கும் டெக்சஸ் முறையைப் பழகுங்கள். நான் மாதவரத்துக்காரன், செங்குன்றம் தாண்டி, குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சில குட்டைகளில் விரால் பிடிப்பவன். தாமரைக்கும் பாசிக்கும் நடுவே முள்ளை வெளியே நீட்டிக்கொண்டு போனால் ஒரு வீச்சுக்கு ஒரு கட்டு பாசிதான் வரும். அதற்கு வளைகழுத்து முள் வேண்டும். முனையைப் புழுவின் மூக்கில் கால் அங்குலம் இறக்கி, அடிப்பக்கமாக வெளியே எடுத்து, முள்ளின் கண் மூக்கைத் தொடும் வரை இழுத்துத் திருப்புங்கள். பிறகு முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால், வளைவு எந்த இடத்தில் உட்காருகிறது என்பது தெரியும். அங்கே கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு போட்டு, சரியாக அந்தக் கோட்டில் குத்தி, முனையை மறுபக்கத் தோலோடு மட்டமாக நிறுத்துங்கள். கோட்டில் இருந்து அரை நெல்லளவு தள்ளிக் குத்தினாலும் புழு கூனிவிடும். கூனிய புழு தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீன் திரும்பியும் பார்க்காது. சாதாரண ஜிக் ஹெட்டுக்கும் இந்த நகக்கோட்டுக் கணக்குத்தான், கூடுதலாகக் கழுத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்தால் புழு வழுக்கி இறங்காது. முள் மறைந்திருப்பதால் மீனை வாங்கும்போது கொஞ்சம் அழுத்தம் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எப்படி விழுகிறது என்பதைக் கழிமுகத்தில் போய்ப் பார்க்க முடியாது, கலங்கல். மொட்டை மாடியில் தண்ணீர் டிரம் இருந்தால் அதில் விட்டுப் பாருங்கள். என் மகள் டிரம்முக்குள் கையை விட்டு நரம்பை விரலால் தட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ராடைப் பிடித்துத் தட்டியதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது, ஆனால் இரண்டு வாரத்தில் கை தேறிவிட்டது.

ஒற்றியூர்வாசி பதில்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிரெய்டு ஏற்றினேன், லீடர் கட்டினேன், டிரம்மில் பழகினேன். அஷ்டமிக்கு மறுநாள் மாலை, தண்ணீர் வற்றத் தொடங்கிய வேளையில், செடிகளுக்கு இடையில் இருந்து வாய்க்கால் இறங்கும் ஓர் இடத்தில் 5 கிராமில் நின்றேன். முதல் பத்துப் பன்னிரண்டு வீச்சும் ஐந்து எண்ணியதும் தரை. அடுத்த வீச்சில் மூன்று எண்ணியபோதே நூல் தளர்ந்து வளையமாகத் தண்ணீரில் படுத்துவிட்டது. எனக்கு அது மீன் என்று தோன்றவே இல்லை. எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே தளர்வைச் சுருட்டினால், மறுமுனையில் பாரம் நடந்துகொண்டிருந்தது. முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான கொடுவா. லீடரின் கடைசி ஒரு சாண், மணல் தாளில் தேய்த்தது போலச் சொரசொரத்துப் போயிருந்தது. கீழ்த்தாடையைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிட்டேன். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன் என்று படித்திருந்தேன், இந்த அளவில் ஆணாகத்தான் இருக்கும். அதைவிட, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படிந்த கரையில் பிடித்ததைச் சமைக்க மனமும் வரவில்லை.

அந்த மாலையில் அறுந்தது ஒரே ஒரு ஜிக் ஹெட், நூல் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பெட்டியைத் திறந்தால் புதிதாக வாங்கிய மிதக்கும் வகைப் புழுக்களும் பழையவையும் ஒன்றோடொன்று ஒட்டி, கூழாக உருகிக் கிடக்கின்றன. வெயிலா காரணம்?

கழிமுகவாசி பதில்:

வாழ்த்துகள் தம்பி. வெயில் பாதிதான். மிதக்கும் வகை வேறு பொருள். பிவிசி புழுவோடு தொட்டுக்கொண்டு கிடந்தால் இரண்டும் உருகும். அவற்றை அவை வந்த உறையிலேயே தனியாக வையுங்கள், வண்டி டிக்கியில் விடாதீர்கள். உருகியவற்றைக் கழிமுகத்தில் போட்டுவிடாமல் வீட்டுக் குப்பையில் போடுங்கள். பெட்டியின் அடியும் இளகியிருக்கும், அதையும் ஒரு முறை தடவிப் பாருங்கள்.