பத்திரிகையில் வந்ததும் வராததும்: மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழைய நிருபர்:
1990களில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அச்சானால்தான் காசு. ஒரு தோட்டத்தில் ஆறு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. லயத்துப் பெண்கள் வாளியோடு நிற்பதைப் படமெடுத்து, பிலிம் சுருளைக் கோலாலம்பூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். முறைப்படி விளக்கம் கேட்க ஒரு பிரமுகரின் அலுவலகத்துக்கும் போன் போட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். போன் போட்டது காலை பத்து மணிக்கு. மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டது, கூடவே அவர்களுடைய போட்டோக்காரரும். மறுநாள் பத்திரிகையில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, ‘தோட்ட மக்களுக்கு உடனடி உதவி’ இருந்தது. லாரி அந்த ஒரு நாள்தான் வந்தது.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போனேன். “பெர்மிட் புதுப்பிக்கிற நேரம் தம்பி” என்றார், அவ்வளவுதான். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அப்போது வருடா வருடம் உள்துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். யாரும் மிரட்டவே வேண்டாம், காலண்டரே மிரட்டும். 2012இல் வருடாந்திரப் புதுப்பிப்பை எடுத்தார்கள். பெர்மிட் மட்டும் இன்னும் இருக்கிறது.

லாலான் மகன்:
எங்கள் அப்பாவுக்குத் தோட்டத்தில் லாலான் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. 1987 அக்டோபர் 27இல் ‘ஓப்பராசி லாலாங்’ (லாலான் புல் நடவடிக்கை) என்று அரசாங்கம் கைது வேட்டை தொடங்கியபோது, “பேர் வைத்தவன் தோட்டத்துக்காரன் போல” என்று சிரித்தார். நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றி உள்ளே வைத்தார்கள். ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்று பத்திரிகைகளுக்கும் பெர்மிட் ரத்து. கோப்பிக்கடையில் ஸ்டார் வைக்கிற இடம் சில மாதம் காலியாகவே கிடந்தது. 1988 மார்ச்சில் திரும்பி வந்ததும் அப்பா ஒரு வாரம் படித்தார், அப்புறம் விளையாட்டுப் பக்கம் மட்டும்தான். நிறுத்தி வைத்ததைவிட, திரும்பி வந்த பத்திரிகை அடங்கிப்போனதுதான் அரசாங்கத்துக்கு லாபம் என்பது என் கணிப்பு.

பேத்தி:
இது பத்திரிகைக் கதை இல்லை, வார்த்தைக் கதை. 1948 ஜூன் 16இல் நம் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைச் சுட்டார்கள் அல்லவா, அதற்கப்புறம் 1960 வரை நடந்ததை வெள்ளைக்கார அரசாங்கம் ‘போர்’ என்று சொல்லவே இல்லை, ‘அவசரகாலம்’தான். காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்ட்களை முதலில் ‘கொள்ளைக்காரர்கள்’ என்றார்கள். 1952இல் அதை மாற்றி ‘கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்’ என்று சொல்ல உத்தரவு. எங்கள் பாட்டி சாகும்வரை ‘கொள்ளைக்காரன் காலம்’ என்றுதான் சொன்னார். இரண்டாவது உத்தரவு பாட்டிக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பஸ் நம்பர் 3:
2007 நவம்பர் 25, இந்தியர் உரிமைக்காக இண்ட்ராஃப் அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் போனவன் நான். அதற்கு முன்னால் நான் பார்த்த செய்தியெல்லாம் எச்சரிக்கைதான்: அனுமதி இல்லை, கோர்ட் தடை, சாலைத் தடுப்பு. எதற்காகக் கூடுகிறார்கள் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்களுக்கு விஷயம் வந்தது எஸ்எம்எஸ்ஸில். மலேசியாகினி என்ற செய்தித்தளம் இணையத்தில் இருந்ததால் பெர்மிட் பயம் இல்லை. டவுனில் ஒரு அண்ணன் அதை அச்சடித்து, தமிழில் வாசித்துக் காட்டுவார். கண்ணீர்ப்புகை தின்றுவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டது: “நீ எதுக்குடா கல்லெறிஞ்ச?”

அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில், 1974இலிருந்து இருந்த நம் எம்பி தோற்றார். டிவி மட்டும் பார்த்தவர்களுக்கு அது திடீர் அதிர்ச்சி.

லாலான் மகன்:
பழைய நிருபர் அண்ணே, அந்த வாளிப் படம் கையில் இருக்கா?

பழைய நிருபர்:
இல்லைய்யா, பிலிம் திரும்பி வரவே இல்லை. ஆனால் மாசக் கணக்கு வந்தபோது, அந்த லாரிச் செய்தியை என் பேரில் எழுதிக் காசு போட்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.