ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணிதப் போட்டிக்குத் தயார்படுத்தியபோது: அனுபவப் பகிர்வு

அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்:

எங்கள் பள்ளியிலிருந்து பதினோரு பேரை என்.எம்.டி.சி. என்ற தேசியக் கணிதத் திறன் தேர்வின் சப்-ஜூனியர் பிரிவுக்கு அனுப்பினோம். ஏழு, எட்டாம் வகுப்புக்கான பிரிவு அது. சென்னையில் 1965-இல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி.ஐ. என்ற கணித ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. வாரத்தில் நான்கு நாள், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் உட்காருவோம். ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் பாதிப் பேருக்கு வீடு போக வழியில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்குதான். அது நல்லதாகவே போயிற்று.

சப்-ஜூனியர் பிரிவுக்குக் காப்ரேகர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதால் அவரிடமிருந்தே தொடங்கினேன். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 6174 என்ற எண்ணின் விசேஷத்தைக் கண்டவர் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு நான்கிலக்க எண் எழுதச் சொன்னேன். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை வைத்து மறுபடியும் அதே வேலை. 3524 எடுத்த பிள்ளைக்கு 5432 - 2345 = 3087, பிறகு 8730 - 0378 = 8352, பிறகு 8532 - 2358 = 6174. எந்த எண்ணாக இருந்தாலும் ஏழு கழித்தலுக்குள் 6174 வந்தே தீரும்.

ஒரு பையனுக்கு மட்டும் ஏழு தடவை கழித்தும் முடியவில்லை. முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் அந்த நோட்டை இழுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "சார், எங்க எல்லாருக்கும் ஒவ்வொரு விடையோட இலக்கங்களையும் கூட்டுனா 18 வருது, இல்லாட்டி 27 வருது. இவனுக்கு மூணாவது வரியில 17 வருது" என்றான். கடன் வாங்கிக் கழித்ததில் ஒரு பிசகு, அந்த வரியில்தான் இருந்தது. ஏன் எப்போதும் 9-இன் மடங்காகவே வருகிறது என்று அடுத்த நாள் முழுக்கப் பேசினோம். இலக்கங்களை இடம் மாற்றினாலும் 9-ஆல் வகுத்தால் வரும் மீதி மாறாது என்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வாரம் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எதைக் கேட்டாலும் வெற்றுத் தாளைத்தான் காட்டுவாள். "தெரியல சார்" என்று தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள் அவள் நோட்டை வாங்கியபோது தாள் ஓரிடத்தில் தேய்ந்து சல்லடையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் அழுத்திய தடம் அப்படியே தெரிந்தது. சின்னச் சின்ன எண்களை வைத்து முயன்று, ஒரு அட்டவணை போட்டு, நான்காவது வரி வரைக்கும் சரியாகப் போயிருக்கிறாள். பிறகு எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட்டாள். முழு விடை வராவிட்டால் எழுதியது தப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. ஏழு வருடமாக வகுப்பில் நாம் கற்றுக்கொடுத்தது அதுதானே என்று மனசு கனத்துப் போனது.

மறுநாள் முதல் ரப்பர் கிடையாது. பிடிக்காததை ஒரே கோட்டால் அடிக்கலாம், ஆனால் படிக்கும்படி இருக்க வேண்டும். என் கரும்பலகைக்கும் அதே விதி. நான் தப்பான வழியில் போனால் டஸ்டரைத் தொடாமல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுவேன். ஒரு மாதத்தில் நோட்டெல்லாம் பார்க்கவே அடர்த்தியாக ஆனது. அந்த மாணவி பக்கம் பக்கமாக எழுதினாள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த கணக்கைச் சொல்கிறேன். பலகையில் 1 முதல் 10 வரை எழுதினேன். ஏதாவது இரண்டை அழித்துவிட்டு அவற்றின் வித்தியாசத்தை எழுத வேண்டும். கடைசியில் ஒரே எண் மிஞ்சும். "அது 4 ஆக வந்தால் என் பேனா உங்களுக்கு" என்றேன். மூன்று நாள் பலகையை விட்டு யாரும் நகரவில்லை. 1 வந்தது, 3 வந்தது, 5 வந்தது. நான்காம் நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "வராது சார். ஒத்தப்படை ஜோடி ஜோடியாத்தான் செத்துப்போகுது" என்றான். இரண்டு ஒற்றைப்படையை எடுத்தால் வித்தியாசம் இரட்டைப்படை, அதாவது இரண்டு போய்விடும். வேறு எப்படி எடுத்தாலும் ஒற்றைப்படைகளின் எண்ணிக்கை மாறாது. முதலில் ஐந்து இருந்தது, பிறகு மூன்று, பிறகு ஒன்று. அந்த ஒன்றுதான் கடைசியில் நிற்கும். புத்தகத்தில் இதை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். எனக்கு அவன் சொன்ன வாக்கியம் போதும்.

மற்றவை சுருக்கமாக. வினாத்தாள் ஆங்கிலத்தில் வந்தது, எங்கள் பிள்ளைகள் தமிழ்வழி. கணக்கு தெரிந்தும் 'அட் லீஸ்ட்' (குறைந்தது), 'அட் மோஸ்ட்' (அதிகபட்சம்), 'டிஸ்டிங்ட்' (வெவ்வேறான), 'கன்செக்யூட்டிவ்' (அடுத்தடுத்த) போன்ற சொற்களில் தடுக்கி விழுந்தார்கள். குறைந்தது 3 என்றால் 3-உம் சேர்த்தி என்பது மொழியில்தான் இருக்கிறது. அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினோம். அப்புறம் தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். நான்கு விடைகளில் குருட்டாம்போக்கில் நாற்பது கேள்விக்குக் குறித்தால் சுமார் பத்து சரியாகும், முப்பது தப்பாகும். பத்து வந்து பதினைந்து போகும். இரண்டு விடைகளையாவது தள்ளிவிட முடிந்தால் மட்டும் துணியலாம் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டு முடிவு செய்தார்கள்.

பதினொன்றில் இரண்டு பேர் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். ரப்பர் மாணவி போகவில்லை. முடிவு வந்த மறுநாளும் நாலரைக்கு வகுப்பில் இருந்தாள்.

ஒரு மாணவியின் அம்மா, கோவை:

வணக்கம் சார். ரப்பர் விஷயத்தைப் படித்துவிட்டு என் மகளின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே கதைதான்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், மற்ற பெற்றோருக்கு உதவலாம். எட்டாம் வகுப்பிலேயே ஐ.ஓ.கியூ.எம். என்ற கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வை எழுதலாம் என்றதும் உடனே பதிவு செய்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே தாள். 30 கேள்வி, 3 மணி நேரம், 100 மதிப்பெண். விடைகள் எல்லாம் 00 முதல் 99 வரையிலான முழு எண்கள். வீட்டில் முன்பே நேரம் வைத்து ஒரு பழைய தாளைக்கூட எழுத வைக்கவில்லை. அண்ணன்மார், அக்காமார் நடுவில் உட்கார்ந்து நான்கு கணக்குதான் போட்டிருக்கிறாள். அதிலும் ஒன்றுக்கு விடை 7. வட்டங்களைக் கருப்பாக்கி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளில் 07 என்று நிரப்ப வேண்டியதை 70 என்று நிரப்பிவிட்டாள். வெளியே வந்ததும் அது ஞாபகம் வந்து, வீடு வரும்வரை அழுதாள். நான் ஆறுதல் சொல்லாமல் "ஏன் கவனிக்கலை" என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இந்த வருடம் பதிவு செய்யவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு கணக்கு எடுத்து இரண்டு பேரும் யோசிக்கிறோம். எனக்குப் பெரும்பாலும் வருவதில்லை, அவள்தான் விளக்குகிறாள். எப்போது மறுபடி எழுத வைக்கலாம் சார்?

அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்:

அம்மா, அவளே கேட்கும்போது எழுதட்டும். அதுவரை ராத்திரிக் கணக்கை விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவர் எதிரே உட்கார்ந்து விளக்கத்தைக் கேட்பது எங்கள் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காத விஷயம். ஓ.எம்.ஆர். தாளை நகலெடுத்து மாதம் ஒரு தடவை நிரப்பிப் பழக்கினால் போதும், 07 பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. போன வாரம் ரப்பர் மாணவி வந்து, "சார், 10-க்கு பதிலா 12 வரைக்கும் எழுதுனா 4 வருமா?" என்றாள். ஒற்றைப்படை ஆறு இருக்கிறது, கடைசியில் இரட்டைப்படைதான் வரும், ஆனால் 4 வருமா என்று எனக்கு உடனே தெரியவில்லை. நீயே பாரேன் என்றேன். திங்கட்கிழமை ஒரு தாளைக் கொண்டு வந்தாள். அடித்ததும் எழுதியதுமாக இரண்டு பக்கம். முதல் வரியில் 12-ஐயும் 8-ஐயும் எடுத்து 4-ஐத் தனியாக ஒதுக்கிவிட்டு, மீதிப் பத்து எண்களையும் பூஜ்யமாக்கியிருந்தாள். மொத்தம் பதினோரு படிகள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. பேனாவைக் கொடுத்துவிட்டேன்.