ஓ2 சென்சார் ‘லீன்’ என்றது, வண்டியில் இருந்தது வேறு: உங்கள் அனுபவங்கள்

மலைக்கோட்டை

என் வண்டியில் வந்த கோடு பி0171, அதாவது கலவை லீன்: காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து இதைச் சொல்வதுதான் ஓ2 சென்சார். முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எஞ்சின் லைட் எரிந்தது, ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு "லீன் காட்டுது சார், சென்சார் போயிடுச்சு" என்று புதுசு மாட்டி அனுப்பினார்கள். அந்த வாரமே லைட் திரும்ப வந்தது.

அப்புறம் சித்தப்பா பையன் வந்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ. ப்ளூடூத் டாங்கிளைச் சொருகி போனில் கிராஃப் வைத்தான். 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டிய முன் சென்சார் (புகைக்குழாயில் எஞ்சின் பக்கம் இருப்பது), 0.1லேயே, அதாவது லீனிலேயே, படுத்துக் கிடக்கிறது. ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் ட்ரிம். ஐட்லிங்கில் ஷார்ட் டெர்ம் ட்ரிம் +20, லாங் டெர்ம் +18. ஈசியூ பெட்ரோலை ஊற்றி ஊற்றிப் பார்த்தும் ஈடுகட்ட முடியவில்லை என்று அர்த்தம். "அண்ணா, 2500 ஆர்பிஎம்ல பிடிங்க" என்றான். இரண்டும் சேர்ந்தே +6க்கு இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐட்லிங்கில் அந்தக் காற்றின் பங்கு பெரிது, மேலே போனால் சிறிது.

கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து ஒவ்வொரு ஹோஸாக அடித்துக்கொண்டே வந்தான். பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் குழாய்) வளைவில் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது, கிராஃப் செங்குத்தாக 0.85க்கு எழுந்தது. கண்ணுக்கே தெரியாத அடிப்பக்கத்தில் வெடிப்பு! ஹோஸ் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சென்சாருக்கு அழுத காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பழைய ஸ்பேனர்

சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு டாக்ஸி வந்தது, ராத்திரி நேரம். சென்சார் லீன் என்கிறது, சைலன்சரில் பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. டிரைவர் தம்பி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்: "லீன்னா பெட்ரோல் கம்மின்னுதானே அர்த்தம், அப்புறம் எப்படிண்ணே நாறுது?"

குனிந்து பார்த்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (கேட்) இருட்டில் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கிறது. உடனே ஆஃப் பண்ணச் சொன்னேன்.

பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று செத்துப்போயிருந்தது. அந்த சிலிண்டரில் எதுவுமே எரியவில்லை. காற்றும் பெட்ரோலும் அப்படியே வெளியே வருகின்றன. சென்சாருக்குத் தெரிவது புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன்தான். அதைப் பார்த்து அது லீன் என்கிறது, ஈசியூ அதை நம்பி இன்னும் ஊற்றுகிறது, அத்தனையும் கேட்டில் போய் எரிகிறது. காயில் மாற்றியதும் ரீடிங் தானாகச் சரியானது. கேட் பிழைக்கவில்லை.

ஆரஞ்சு ஜாடி

மேலே இருவரும் சொல்வதைப் படித்தால் சென்சார் கெட்டே போகாது என்று ஆகிவிடும் போலிருக்கிறது. என் வண்டியில் கெட்டது சென்சார்தான்.

வால்வ் கவரில் ஆயில் கசிந்தது என்று சாதாரண சிலிகான் சீலன்ட்டைப் பிதுக்கி ஒட்டியிருந்தார்கள். கொஞ்ச நாளில் பிக்கப் மந்தம், அப்புறம் பி0133, சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்ற கோடு. சென்சாரைக் கழற்றியதும் முனையில் வெள்ளைப் பூச்சு, சுண்ணாம்பு தடவியதுபோல. சென்சாருக்கு ஆகும் சீலன்ட் என்றால் டியூபிலேயே 'சென்சார் சேஃப்' என்று போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்? இப்படிக் கெட்ட சென்சாரில் ஏற்ற இறக்கம் இருக்கும், ஆனால் சோம்பேறித்தனமாக இருக்கும். அதனால் வோல்ட்டை மட்டும் பார்க்காமல், எவ்வளவு வேகமாக மாறுகிறது என்றும் பாருங்கள்.

ஷார்ஜா ராஜா

நான் இங்கே வாங்கிய பழைய டொயோட்டாவில் முன் சென்சார் 0.66 வோல்ட்டில் ஆணி அடித்ததுபோல நின்றது. ரூம்மேட் உட்பட ஆளாளுக்கு "ரிச்சில் (பெட்ரோல் அதிகம்) மாட்டிக்கொண்டது" என்று தீர்ப்பு. ட்ரிம் பார்த்தால் +1, -2. வண்டியோ அருமையாக ஓடுகிறது.

அது நாம் பேசும் சாதாரண சென்சாரே இல்லை, ஏர்ஃபியூயல் சென்சார். கலவை சரியாக இருந்தால் கம்பெனி ஸ்கேனரில் 3.3 வோல்ட் காட்டும். பொது ஸ்கேனரில் அதையே ஐந்தால் வகுத்து 0.66. அதாவது 0.66 என்றால் வண்டி கச்சிதமாக இருக்கிறது! நல்லவேளை, யார் பேச்சையும் கேட்டு எதையும் மாற்றவில்லை.

கொங்கு ஓட்டம்

என் அனுபவம் சின்னது: பழைய பெட்ரோல் வண்டி, லாங் டெர்ம் +8, வேறு ஒரு தொந்தரவும் இல்லை. இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம். சுத்தப் பெட்ரோலுக்கு 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று, இ20க்கு ஏறத்தாழ 13.5 போதும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் ஈசியூ கூடுதலாக ஊற்றித்தான் ஆக வேண்டும். +8க்காக யாரும் ஹோஸ் தேடி அலையாதீர்கள்.

சரி, இனி சில விஷயம். மலைக்கோட்டை, சூடான எஞ்சினில் அந்த ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து, தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்? புகை விட்டு லீக் பார்க்கும் மிஷின் இருக்கிற இடத்துக்குப் போங்கள். ஸ்டார்ட் செய்த உடனே ரீடிங் பார்க்காதீர்கள். சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே இருக்கும் ஹீட்டர் போனால் அதற்குத் தனிக் கோடு, பி0135. கேட்டுக்குப் பின்னால் இருக்கும் பின் சென்சார் 0.6, 0.7 என்று ஆடாமல் நின்றால் "வேலை செய்யவில்லை" என்று மாற்றிவிடாதீர்கள், கேட் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முன் சென்சாரைப் போலவே அதுவும் குதித்தால்தான் கேட் போயிற்று. அப்புறம், எக்ஸாஸ்ட் (புகை போகும்) மேனிஃபோல்ட் கேஸ்கெட் லீக்கை ஏன் யாரும் சொல்லவில்லை? புகை வெளியே வரும் இடைவெளியில் அந்த ஓட்டை வழியே வெளிக்காற்றை உறிஞ்சும், சென்சார் பொய்யாக லீன் என்னும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம், சூடானதும் நின்றுவிடும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பழைய ஸ்பேனர்

கொங்கு தம்பி, கேட்காமலே கிளாஸ் எடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை, தீ விஷயம் நியாயம்தான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மலைக்கோட்டை சொன்ன 2500 ஆர்பிஎம் டெஸ்ட், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கும் வண்டிக்குத்தான் அப்படியே பொருந்தும். இன்டேக் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் மட்டும் இருக்கும் வண்டியில் ஹோஸ் வெடித்தால் அந்தக் காற்றும் கணக்கில் வந்துவிடும். ட்ரிம் பெரிதாக நகராது, ஐட்லிங்தான் ஏறும். மலைக்கோட்டை சார், உங்களுடையது எந்த வகை?

மலைக்கோட்டை

ஏர்ஃப்ளோ மீட்டர் வண்டிதான் அண்ணே. ஃபில்டர் பெட்டியை ஒட்டியே இருக்கிறது. அதையும் மாற்றச் சொல்லித்தான் எஸ்டிமேட் போட்டிருந்தார்கள்.